தாமதச் சீட்டு

ஸ்டேஷனுக்கு முந்தின சிக்னலில் வண்டி நின்றது. நெட்டை மடியிலிருந்த பட்டாணித் தோலையெல்லாம் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டாள். ஸ்டேஷனைக் கூட்டித் துடைக்கும் பெண்களில் அவள்தான் உயரம்; அதனால் பெயரே நெட்டை என்றாகிவிட்டது. ரயில் நேரப் பலகையை ஸ்டூல் போடாமல் துடைப்பவள் அவள் ஒருத்திதான்.

ஜன்னலில் ஸ்டேஷன் தெரிந்தது. இரண்டு வருடம் புதுப்பிக்கும் வேலையில் புழுதியும் இரைச்சலுமாகக் கிடந்தது, இப்போது புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. தரையில் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் ஒரே இழுப்பில் ஓடிவிடும். இடுப்பு ஒடியக் குனிந்து தேய்த்த காலம் போயிற்று. நெட்டைக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

"பாரேன்க்கா, நம்ம வீட்டுக் கூடத்தைவிடப் பளபளன்னு இருக்கு."

"உன் வீட்ல கூடம் வேற இருக்கா?" என்றாள் எதிரே தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா. அவளும் அதே வேலைதான். பெட்டியே சிரித்தது.

பழைய அட்டவணைப்படி இந்த வண்டி ஆறு இருபதுக்கு வரவேண்டும். ஒரு நாளும் வந்ததில்லை. ஆறு நாற்பதுக்கு ஆடி அசைந்து வரும். ஆறே முக்காலுக்கு வேலை. அதையும் தாண்டிப் போனால் ஸ்டேஷன் மாஸ்டர் தாமதச் சீட்டு எழுதிக் கொடுப்பார். மேஸ்திரியிடம் நீட்டினால் போதும், தாமதம் கணக்கில் ஏறாது. சிக்னலில் நிறுத்திவிட்டால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்ததும் உண்டு. இப்போது தண்டவாளம் நெடுக இரும்பு வேலி. புது விரைவு வண்டிக்கு இவர்கள் வண்டி வழிவிட வேண்டும் என்பதால், புது அட்டவணையில் ஆறு ஐம்பது என்றே போட்டுவிட்டார்கள். இதற்கு முன்னால் வேறு வண்டி கிடையாது.

"புது டைம் வந்து இன்னிக்கோட மூணு நாளாச்சு," என்றாள் அக்கா. "மூணு தாமதம்னா சாயங்கால ஷிப்டாம். எனக்கென்ன, வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா? உன்னை நெனச்சாத்தான்..."

நெட்டையின் மகள் இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வருவாள். பையை வாசலிலேயே எறிந்துவிட்டு, அன்று யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தொடங்கினால் தட்டு காலியாகும்வரை ஓயமாட்டாள். அந்த ஒரு மணி நேரம் நெட்டைக்கு உயிர். சாயங்கால ஷிப்ட் என்றால், பிள்ளை வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும்.

"மாஸ்டர் நல்ல மனுஷன்க்கா. சீட்டு கொடுத்துடுவார்," என்றாள்.

விரைவு வண்டி கண்ணாடியெல்லாம் மூடியபடி கடந்து போனது. பிறகுதான் இவர்கள் வண்டி நகர்ந்தது. ஆறு ஐம்பதுக்கு, நொடி பிசகாமல் பிளாட்பாரத்தில் நின்றது. நெட்டை நேரே மாஸ்டர் அறைக்கு ஓடினாள்.

மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "சீட்டா? எதுக்கும்மா? மூணு நாளா ஒரு வண்டிகூட லேட் இல்லை. சரியான நேரத்துக்கு வந்த வண்டிக்கு நான் எப்படிம்மா எழுதித் தர்றது?"

"நாங்க லேட்டுங்களே சார்."

"அது உங்க மேஸ்திரி பாடு," என்றார், வருத்தமாகத்தான்.

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து ரெண்டு மணிக்கு வந்துடு," என்று சொல்லித் துணியை நீட்டினான்.

நெட்டை நேரப் பலகையின் முன் போய் நின்றாள். அவள் வந்த வண்டிக்கு நேராகப் பச்சை எழுத்தில் 'சரியான நேரம்' என்று இருந்தது. அதன்மேல் கொஞ்சம் தூசி. கையை நீட்டி, எழுத்து பளிச்சென்று தெரியும்படி துடைத்தாள்.