யார் வீட்டிலும் இல்லாத ஒயர்

லோர்னா பெட்டிஃபர் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். முன்னால் கங்காரு குதிக்கும், பின்னால் நாற்பது பிள்ளைகள் ஒருத்தர் தலைமுடியை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கத்தும். அவள் பாட்டுக்கு ஆஸ்திரேலியாவின் டால்பி சாலையில் ஒரு கீறல் இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அப்பேர்ப்பட்டவளை, நாலு கிலோகூட இல்லாத மஞ்சள் விமானம் ஒன்றைத் தனியாகத் தரையிறக்க விடமாட்டேன் என்று ஒரு மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தால் அவளுக்கு எப்படி எரியும்?

அந்த மனுஷன் நெவில் ஹாக்கடே. ரேடியோவில் பறக்கவிடும் மாதிரி விமான கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர், பாதுகாப்பு அதிகாரி, விதிப் பலகை எழுதியவர், அதைத் தினம் படித்துக் காட்டுகிறவரும் அவரேதான். கோதுமை வயலுக்கு நடுவே வயல்காரரும் கிளப் உறுப்பினருமான வெர்ன் இனாமாகக் கொடுத்த புல் ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் ராஜ்ஜியம். புதிதாக வருகிறவர்கள் கையில் பிடித்து விமானத்தை இயக்கும் டிரான்ஸ்மிட்டரை ஒரு ஒயரால் தன் டிரான்ஸ்மிட்டரோடு மாட்டிக்கொள்வார். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் ஒரு விசையைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் லோர்னா தடுமாறினாலும் தடுமாறாவிட்டாலும் இறங்கும் நேரத்தில் விசையைத் தட்டிவிடுவார்.

"இன்னும் ஒரு மாசம் கண்ணு. கை இன்னும் பழகல."

"நீங்க விட்டாத்தானே நெவில் பழகும்?"

"அவசரப்படாதே. நான் விட்டா விமானம் உன் கையில இருக்காது, மண்ணுல இருக்கும்."

வெண்கலச் சிறகு என்று ஒரு பட்டை உண்டு. அது சட்டையில் ஏறினால்தான் ஒயர் இல்லாமல் தனியாகப் பறக்கவிடலாம். லோர்னாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் அக்கா மகள் டெஸ்ஸா முன்னமே சொன்னாள்: "சித்தி, உங்க டிரான்ஸ்மிட்டரை ஒரு ஒயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கலாம். சிமுலேட்டர்னு இருக்கு, நிஜ விமானம் மாதிரியே பறக்கும். ஆயிரம் தடவை விழுந்தாலும் நஷ்டம் இல்ல. வாங்கித் தரவா?" லோர்னா ஆசையாகத்தான் நெவிலிடம் கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது.

அன்றைக்கு நெவில் செய்த பிரசங்கத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டில் இருந்த சாசேஜ் எல்லாம் ஆறிப்போனது. "சிமுலேட்டரா? அது விளையாட்டுப் பசங்க சமாச்சாரம்! அதுல பழகினா கைக்கு மண்ணோட பயம் போயிடும். அப்புறம் அந்தக் கையை யாராலயும் திருத்த முடியாது. இங்க யார் வீட்லயாவது அந்தக் கம்ப்யூட்டர் ஒயர் இருக்கா? கேட்டுப் பாரு!"

கிளப்பின் பழைய உறுப்பினர் மெர்வ் இல்லை என்று தலையை ஆட்டினார். வெர்னும் ஆட்டினார். ரொட்டிக்குள் வெங்காயம் வைத்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஆட்டினார்கள். சீச்சீ, அந்தக் கண்றாவி நம்ம வீட்டிலா என்று எல்லா முகத்திலும் எழுதியிருந்தது. லோர்னா வெட்கப்பட்டுக்கொண்டு டெஸ்ஸாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள் என்று பெயர் எடுத்தவள், என்ன செய்வது!

செப்டம்பரில் பிரிஸ்பனிலிருந்து டங்கன் என்கிற பரிசோதகர் வந்தார். முதல் வேலை, நெவிலின் பயிற்சியாளர் சான்றிதழைப் புதுப்பிப்பது. இரண்டாவது, நெவில் சரி என்று சொன்னால் லோர்னாவைச் சோதித்து வெண்கலச் சிறகு கொடுப்பது. அந்தச் 'சரி' அன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "முதல்ல என் சோலி முடியட்டும் கண்ணு, பாத்துக்கலாம்," என்றார் நெவில். சொல்லிவிட்டுத் தன் பெரிய இரட்டை இறக்கை விமானத்தை மேஜைமேல் தூக்கி வைத்தார். மூன்று வருஷம் கார் கொட்டகையில் உட்கார்ந்து கட்டியது. இறக்கைத் துணியில் முகம் பார்க்கலாம்.

வாலைப் பிடித்துக்கொள்ள லோர்னாவைத்தான் கூப்பிட்டார். பறக்கவிடும் முன் இறக்கையிலும் வாலிலும் அசைகிற ஒவ்வொரு தகடும் சரியான பக்கம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் பலகையின் முதல் விதி அது. பார்க்காமல் பறக்கவிட்ட மெர்வை ஒரு தடவை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்தவர்.

நெவில் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை அசைத்து உரக்கச் சொன்னார். "இடது! வலது! மேலே! கீழே!" கோவில் மணி அடிக்கிற மாதிரி கணீரென்று இருந்தது. கண் மட்டும் விமானத்தின் மேல் இல்லை. டங்கன் தன்னைப் பார்க்கிறாரா என்று டங்கனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வால் லோர்னாவின் கைக்குள் இருந்தது. 'மேலே' என்றபோது வால் தகடு கீழே போனது. 'கீழே' என்றபோது மேலே வந்தது.

"நெவில், இந்த வால் தகடு..."

"சோதனை நேரத்துல பேசக் கூடாது."

"இல்ல நெவில், அது தப்பாப் போகுது..."

"கண்ணு! இது ரெட்டை இறக்கை. உன் மஞ்சள் குஞ்சு மாதிரி இல்ல. புடிச்சுக்க, போதும்."

லோர்னா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வருஷமாக 'உனக்குத் தெரியாது' என்று கேட்டுக் கேட்டுத் தன் கண்ணையே நம்பாமல் போயிருந்தாள், பாவம்.

விமானம் புல்லில் அழகாக ஓடியது, வேகத்திலேயே தானாக எழும்பியது, வெர்னின் கொட்டகைக் கூரை உயரத்துக்கு வந்தது. இன்னும் ஏறட்டும் என்று நெவில் குச்சியை இழுத்தார். மூக்கு கீழே குத்தியது. பதறிப்போய் இன்னும் இழுத்தார். இன்னும் குத்தியது. மூன்று வருஷ உழைப்பு ஓடுதளத்தின் நட்டநடுவில் விறகாகக் கிடந்தது.

"ரேடியோ குறுக்கீடு!" என்று அலறினார் நெவில். "எங்கயோ சிக்னல் அடிக்குது!"

"ஆமாமா, குறுக்கீடுதான்," என்றார்கள் எல்லோரும். கிளப்பில் யார் விமானம் விழுந்தாலும் அதுதான் காரணம்.

டங்கன் நடந்துபோய், முறியாமல் கிடந்த வாலைத் தூக்கினார். நெவிலின் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக் குச்சியை இழுத்தார். தகடு கீழே போனது.

"தலைகீழா இருக்கே நெவில். இதுக்கு முன்னால ஒழுங்காத்தான பறந்திருக்கும்? நடுவுல யாரு திருப்பி வெச்சது?"

நெவில் குனிந்து விறகைப் பொறுக்க ஆரம்பித்தார். மெர்வுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷர், அதுதான் வினை.

"நெவில், சிமுலேட்டர்ல மேலே கீழே மாறிப் போச்சுன்னா கம்ப்யூட்டர் உள்ளதான்ப்பா திருப்பணும். டிரான்ஸ்மிட்டர்ல திருப்பினா, பழையபடி மாத்த மறந்துபோய் இப்படித்தான் ஆகும்."

எல்லோர் தலையும் மெர்வ் பக்கம் திரும்பியது.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் வெர்ன்.

"என் மருமகன் சொன்னான்."

"உன் மருமகன் பெர்த்ல மாட்டு டாக்டர்! அவனுக்கு என்ன தெரியும்?" வெர்னுக்கு வேகம் வந்துவிட்டது. "அதுவும் நீ சொல்றது பழைய வழி. சிமுலேட்டருக்குன்னு டிரான்ஸ்மிட்டர்லயே தனியா ஒரு விமானம் பேரு போட்டு வெச்சுக்கிட்டா நிஜ விமானத்தைத் தொடவே வேண்டாம். நான் அப்படித்தான்..."

வெர்ன் நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. அப்புறம் அணை உடைந்தது. ஒயரைப் பின்பக்கம் செருகினால் டிரான்ஸ்மிட்டர் தானே உயிர் பெறும், விசையைப் போடக் கூடாது என்று ஒருத்தர். இல்லை, என்னுடையதில் போட வேண்டும் என்று இன்னொருத்தர். குச்சிகளை நாலு மூலைக்கும் சுற்றிக் கம்ப்யூட்டருக்கு அளவு காட்டாவிட்டால் விமானம் பம்பரமாகும் என்று மூன்றாமவர். எத்தனையோ வருஷமாக வயிற்றில் அடக்கி வைத்ததை இன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசுகிறார்கள், ஆளாளுக்கு முகம் மலர்ந்து கிடந்தது. நெவில்கூட விறகை மறந்து, "எனக்கு ஆரம்பத்துல கம்ப்யூட்டர்ல ஒயரை எங்க செருகணும்னே தெரியல," என்று ஆரம்பித்தார்.

"அப்போ எல்லார் வீட்லயும் இருக்கு," என்றாள் லோர்னா.

லோர்னா அவர்கள் நடுவே வந்து நின்றாள்.

"எல்லாரும் வீட்ல உக்காந்து ரகசியமாப் பழகிட்டு வந்து இங்க பெரிய மனுஷனாட்டம் இறக்கிக் காட்டினீங்க. நான் மட்டும் முட்டாளாட்டம் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து திட்டு வாங்கியிருக்கேன். வெட்கமா இல்ல? மெர்வ், உங்களைத்தான். தலைய ஆட்டினீங்களே அன்னைக்கு!" பஸ்ஸில் பிள்ளைகளிடம்கூட அவள் இப்படிக் கத்தியதில்லை. டங்கன் பக்கம் திரும்பினாள். "இவர் சரின்னு சொன்னாத்தான் நீங்க என்னைச் சோதிக்கணுமா?"

"பயிற்சியாளர் சொல்லணும்," என்றார் டங்கன். நெவிலின் சான்றிதழை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இப்போதைக்கு இங்க பயிற்சியாளர் யாரும் இல்ல. இவரே இன்னொருத்தர் ஒயர்லதான் கொஞ்ச நாள் பறக்கணும். நீ விமானத்தை எடும்மா."

லோர்னா மஞ்சள் விமானத்தை எடுத்தாள். ஒயரைக் கழற்றினாள். ஒவ்வொரு தகட்டையும் குனிந்து கண்ணால் பார்த்தாள். ஏற்றினாள், வட்டம் போட்டாள், எட்டுப் போட்டாள். இறங்கும் நேரம் வந்தது. இதுவரை ஒரு தடவைகூட அவள் கையால் முழுசாக இறங்கியதில்லை. பக்கத்தில் நெவிலின் கட்டைவிரல்கள் வெறும் காற்றில் தானாக அசைந்தன. மஞ்சள் விமானம் சாய்ந்து வந்தது, குதித்தது, மறுபடி குதித்தது, ஓடுதளத்தைத் தாண்டிப் புதருக்குள் போய் நின்றது. முழுசாக நின்றது!

லோர்னா அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஓடுதளத்துக்குள்ள நிக்கணும்மா," என்றார் டங்கன். "இன்னைக்குக் கொடுக்க முடியாது. அடுத்த மாசம் வர்றேன்."

"நான்தான் சொன்னேனே கண்ணு," என்றார் நெவில். அந்த வாய்க்கு எப்படி மூடத் தெரியும்? "இன்னும் ஒரு மாசம்னு."

லோர்னா போய்ப் புதரிலிருந்து தன் விமானத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மேஜைமேல் கிடந்த பயிற்சி ஒயரைச் சுருட்டினாள்.

"ஒரு மாசந்தானே? ஆகட்டும். இன்னைக்கே உன் கம்ப்யூட்டர் ஒயரைக் கொண்டுவந்து என் வீட்ல கொடுத்துடு, நெவில். அது இனிமே எனக்கு." சுருட்டியதை அவர் கையில் வைத்தாள். "இது உனக்கு."

நெவில் வாங்கிக்கொண்டார்.