ஏழு முப்பத்தொன்பது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: சார், அதாவது ஸ்டுடியோவின் முதலாளி. வரைந்த படங்களைச் சரிபார்க்கும் கண்ணாடி. அவர் போட்டிருக்கும் கண்ணாடியின் தடிமனுக்காக வந்த பெயர். எங்கள் குழுவின் தலைவியான அக்கா. யாருக்கும் கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் சார் தவிர எல்லோருக்கும் அக்கா. சுவர்த் திரையில், கேமராவை அணைத்துவிட்டு வெறும் சாம்பல் வட்டமாகத் தெரிந்த தயாரிப்பு நிறுவனத்து ஆள். பிறகு நான். மூன்று வாரத்துக்கு முன்பே வேலையை விட்டவன். அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தவனை, "வந்ததுதான் வந்த, உள்ள வந்து உக்காரு, நீயும் அந்த ஷிப்ட்ல இருந்தவன்தானே" என்று சார்தான் உட்கார வைத்தார்.

மேஜை நடுவில் ஒரு தாள் கிடந்தது. தண்ணீருக்குள் நீளும் ஒரு பெண்ணின் கை. அதில் ஆறு விரல்கள். ஆறாவதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். இரண்டு லட்சம் பேர் பகிர்ந்த படம் அது. அந்தக் கையை வரைந்தவன் நான். சிவப்பு வட்டத்தைப் போட்டு இணையத்தில் ஏற்றியவனும் நான். முதலாவது அக்கா தவிர யாருக்கும் தெரியாது, இரண்டாவது யாருக்குமே தெரியாது என்று நம்பித்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கை வரும் ஜப்பானிய அனிமே தொடரை நான் பள்ளியில் படிக்கும்போதிருந்து பார்க்கிறேன். வெள்ளத்தில் போன தம்பியைத் தேடி ஒரு அக்கா ஊர் ஊராகத் தண்ணீரில் குதிக்கும் கதை. இரண்டு சீசன் முழுக்க அவள் குதித்துக்கொண்டே இருந்தாள், அவன் கிடைக்கவில்லை. மூன்றாவது சீசனில் அவன் கையைப் பிடிக்கப் போகிறாள் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் காட்சி எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறது என்று தெரிந்த அன்று வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "பொம்மைப் படமா" என்றார். முக்கியமான படங்களை வேறெங்கோ பெரியவர்கள் வரைவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அசைவை நிரப்பும் படங்களை நாங்கள் வரைவோம். கண் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காது. நிறுத்திப் பார்ப்பவன்தான் பார்ப்பான்.

நடு சீசனில் இயக்குநர் மாறினார். முன்பு வந்த படங்களில் பாதியைத் தூக்கிப் போட்டார்கள். நாற்பது நாளில் செய்ய வேண்டியது ஒன்பது நாளில் எங்கள் தலையில் விழுந்தது. நைட் ஷிப்ட்டில் நான் தொடர்ந்து எட்டு நாள் இருந்தேன். அந்தக் கை வரும் துண்டுக் காட்சியில், நாங்கள் 'கட்' என்போம், முப்பத்தெட்டு படங்கள். ஒன்றே ஒன்றை வரைந்து முடித்தேன். அது எப்படி இருந்தது என்றுகூட நினைவில்லை. பேனா ஓடியது, கண் ஓடவில்லை. பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அலுத்துப் போனவன் செய்கிற காரியம்தான், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மிச்சத்தை அக்கா செய்தாள் என்று பிறகு தெரிந்தது. பாதியில் ஓடியவன் பெயரில் கட் போனால் நிறுவனம் கேள்வி கேட்கும் என்று பட்டியலில் என் பெயரை அழித்துத் தன் பெயரையே எழுதிக்கொண்டாள். எபிசோடின் கடைசியில் ஓடிய பெயர்களிலும் அவள் பெயர்தான் வந்தது.

வீட்டில் இருந்தபோதுதான் என்னிடம் தங்கிவிட்ட பிரதியைத் திறந்து பார்த்தேன். ஆறு விரல். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சாரைப் பழிவாங்க ஒரு பொருள் கிடைத்தது என்று தோன்றியது. ரசிகர்கள் கூடும் இடத்தில் எனக்கு ஒரு பொய்ப் பெயர் உண்டு. எபிசோட் ஒளிபரப்பாகும் மாலையில், அந்தக் காட்சி முடிந்திருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு, வட்டத்தோடு ஏற்றினேன். தொலைக்காட்சியை மட்டும் போடவில்லை. பார்க்க மனசு வரவில்லை. 'ரெண்டு சீசனா கை கொடுப்பான்னு காத்திருந்தோம், விரலும் சேத்துக் கொடுத்திருக்கா' என்று ஒருவன் எழுதினான். நல்ல ஜோக்தான். அடுத்த நாள் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் பார்த்து அக்காவின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அவள் புகைப்படம், அவள் படித்த கல்லூரி, அவளுக்கு எத்தனை விரல் என்ற ஆராய்ச்சி எல்லாம் வந்தது. அதில் ஒன்றுக்கு நான் சிரிக்கும் முகம் போட்டேன். எல்லோரும் போட்டிருந்தார்கள்.

திரையில் இருந்த வட்டம் பேசியது. ஒரு பெயர் வேண்டும், அடுத்த சீசனில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

சார் கண்ணாடியைப் பார்த்தார். "நீங்க பாத்துத்தானே அனுப்புனீங்க?"

"எழுபது கட், சார். பாக்குறதுக்குப் பதினோரு நிமிஷம். கட்ட எண்றதா, விரல எண்றதா?"

"நக்கலா?"

"இல்ல சார். நெசமாவே கேக்குறேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "ஆந்தை, நீ கெளம்பும்போது இந்தக் கட் யார்கிட்ட இருந்துச்சு?"

ராத்திரி விழித்திருப்பதால் எனக்கு அங்கே ஆந்தை என்று பெயர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அக்கா தவிர. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்கிட்ட என்ற ஒரு சொல் போதும். நாக்கு வரைக்கும் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. சான்றிதழில் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் மனதில் ஓடியது.

"ஞாபகம் இல்ல சார்."

"என் பேர்லதான இருக்கு," என்றாள் அக்கா. "என் கட்தான். நான்தான் அனுப்புனேன்."

வட்டம் நன்றி சொல்லிவிட்டு அணைந்தது. சார் கொஞ்ச நேரம் தாளை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "இது நிரந்தரம் இல்லம்மா. சூடு ஆறட்டும், நானே கூப்புடறேன்" என்றார். அக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த ஸ்டுடியோவில் கதவு அட்டைக்குத்தான் திறக்கும். பதினான்கு வருடத்தில் மூன்று முறை அட்டையைப் புதுப்பித்திருக்கிறாள் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

நான் எழுந்தேன். சார் உட்காரச் சொன்னார். "வேற எடத்துல சேந்துட்டியா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு சர்டிபிகேட்? எனக்கு ஆள் இல்ல. சாயங்காலத்துக்குள்ள இந்தக் கையத் திருத்தி அனுப்பணும், கடையில விக்கிற டிஸ்க்ல போடப் போறாங்க. போய் அந்தம்மா மெஷின்ல உக்காரு."

போய் உட்கார்ந்தேன். நாற்காலி என் உயரத்துக்குத் தாழ்வாக இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். மணிக்கட்டுக்குப் போடும் பட்டை இரண்டு, தலைவலித் தைலம், மகள் சின்ன வயதில் வரைந்த ஒரு மீன். மேஜையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்ட கண்ணாடி, கண்ணைத் துடைப்பதுபோல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"அன்னிக்கு நாங்க வீட்டுல டிவி பாத்துட்டு இருந்தோம்," என்றாள் அக்கா, இழுப்பறையிடம் சொல்வதுபோல. "எபிசோட் லேட்டானதுக்கு மொதல்ல மன்னிப்பு போட்டாங்க, தெரியுமா? ரெண்டு நிமிஷம். அறிவிக்கவே இல்ல, திடீர்னு போட்டாங்க."

எனக்குத் தெரியாது. நான்தான் டிவியே போடவில்லையே.

"ஏழு நாப்பதுக்குத்தான் அவ கை நீட்டுனா. என் பொண்ணு அதுக்கு முன்னாடியே போன நீட்டுறா. 'அம்மா, ஆறு விரலாம்.' டிவில அவ இன்னும் தண்ணில குதிக்கவே இல்ல. அந்தப் படத்தப் போட்ட நேரம் பாத்தேன். ஏழு முப்பத்தொம்பது."

திரையில் அந்தக் கை திறந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வராத படத்த வெளி ஆள் எப்படிடா போடுவான்?"

"அக்கா."

"என் பொண்ணு கிளாஸ்ல ஒருத்தன் அவளப் பாத்தா ஆறு விரல் காட்டுறானாம்."

"நான் இப்பவே போய் சார்கிட்ட சொல்லிடறேன், அக்கா."

"சொல்லி?" முதல்முறையாக என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "உள்ள நான் வாய மூடிட்டு இருந்தது உனக்காகன்னு நெனச்சுக்காத. அது உன் கட்னு ஆச்சுன்னா மிச்ச முப்பத்தேழும் உன் பேருக்குப் போயிடும். தூங்காம வரைஞ்சேன். அதுல அவ தண்ணிக்குள்ள திரும்புறது ஒண்ணு இருக்கு, பாத்தியா?"

"இல்ல."

"பாக்கல."

"இல்லக்கா."

தலையை ஆட்டிக்கொண்டாள். மீனை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்தாள். "அந்த ஆறாவது எனக்குக் கண்ணுல பட்டுச்சு. திருத்தலாம்னு பாத்தா அனுப்புற நேரம் ஆயிடுச்சு. அது என் தப்பு. மிச்சத நீ வச்சுக்கோ." பிறகு, வேலை சொல்லும் அதே குரலில், "சுண்டு விரல அழிக்காத. மோதிர விரலுக்குப் பக்கத்துல இருக்கறத அழி. அதுதான் அதிகம்" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. கதவருகே போனதும் பழக்கத்தில் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே அட்டை இல்லை. உள்ளிருந்து திறக்க ஒரு பொத்தான் உண்டு. அதைத் தேடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. வெளியே போய்க் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, பையின் வாரைச் சரிசெய்தாள். நான் எழுந்து போனால் அந்தப் பொத்தான் ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. கையில் பேனா இருந்தது. கதவு மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது, விளக்கு சிவப்பாகியது, உள்ளே பூட்டு விழுந்தது.