லிஃப்ட் நின்ற காலத்துப் பாடம்

லேக் கார்டன்ஸில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்று இரண்டு மாதம் ஆயிற்று. மேல்மாடி நாகலட்சுமி மாமிக்கு முழங்கால் வலி. காய்கறி வாங்கக்கூட இறங்க முடியவில்லை. கட்டடத்துச் செயலாளர் வெங்கட்ராமனிடம் கேட்டால், "ஆள் வரான் மாமி" என்பதோடு சரி.

மாமி ஆங்கில டியூஷன் எடுப்பவள். கட்டடத்துச் சிறுமிகள் ஏழு பேர் மூச்சுவாங்க ஏறி வருவார்கள். அந்த வாரம், முன்பே ஆரம்பித்து இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் சங்கதிகளைச் சொல்லும் 'ஹேஸ் பீன்' பாடம். உதாரணத்துக்கு மாமி வெளியே அலையவில்லை.

"தி லிஃப்ட் ஹேஸ் பீன் அவுட் ஆஃப் ஆர்டர் ஃபார் டூ மந்த்ஸ். தி செக்ரட்டரி ஹேஸ் பீன் ஸ்லீப்பிங் சின்ஸ் காளி பூஜா. ஆத்துல இருபது தடவை உரக்கப் படிக்கணும்!"

சாயங்காலம் ஏழு வீட்டு ஜன்னலிலும் அதே முழக்கம். செயலாளரின் மகள் சைதன்யாவின் தொண்டைதான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. எதிர்வீட்டு வங்காளிகள் வேடிக்கை கேட்கப் பால்கனியிலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வெங்கட்ராமன் படியேறி வந்தார்.

"மாமி, அடுத்த பாடத்துக்குப் போயிடுங்கோளேன்."

"போனாப் போச்சு. லிஃப்ட் எப்போ ஓடும்?"

"மாசக் கடைசி."

"அப்போ நாளையிலேர்ந்து நாப்பது தடவை."

"ஐயோ, வெள்ளிக்கிழமை!"

"புதன். காலம்பற."

வெங்கட்ராமன் அங்கேயே நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை காலை மாமி பையோடு லிஃப்ட்டில் இறங்கிப் போய், ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு இரண்டு மாதத்துப் பேரத்தையும் சேர்த்துப் பேசினாள்.