ஒன்பதாவது போர்ட்

ஒரு சிறுமியின் ஆறு வருடப் பேச்சு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு விலைபோனது. அதைச் சுமந்திருந்த இரும்புப் பெட்டியும் அதிலேயே அடக்கம். வாங்கியவர் அவளுடைய அப்பா. கம்பெனி வேலையை விட்டபின், யார் கூப்பிட்டாலும் போய் நெட்வொர்க்கைச் சரிசெய்து கூலி வாங்குகிற அவரை எல்லோரும் வயர்க்காரர் என்றார்கள். எந்த நெட்வொர்க் பெட்டியைக் காட்டினாலும், பிறந்ததிலிருந்து கண்டிராததாக இருந்தாலும், "இதுதானே, பார்த்திருக்கேன்" என்பார். காட்டியவர் அந்தப்பக்கம் நகர்ந்ததும் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிப்பார். பெட்டி தன் பழைய நினைப்பையெல்லாம் மறந்துவிட்டு அதன்பிறகு இவர் சொன்னபடி கேட்கும். இப்படி வழிக்கு வந்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. வழி தெரியாமல் அவர் கைபிசைந்து நின்றது மகள் விஷயத்தில்தான். அவள் பிறந்தபோது அழுகைக்குக்கூடச் சத்தமில்லை. காது துல்லியம், தொண்டையில் ஒரு குறையுமில்லை என்று நான்கு டாக்டர்கள் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். உதடு நாள் முழுக்க அசையும். சத்தம் மட்டும் வராது.

மரக்கடை முதலாளி ஒரு பெட்டியைப் பார்க்க அவரை அழைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கடையை வாங்கியபோது சுவரோடு சேர்ந்து வந்த பெட்டி அது. பெயரில்லை, முத்திரையில்லை, வயர் செருக இருபத்து நான்கு போர்ட்டுகள். தொட்டால் தூங்கும் பூனையின் வயிறுபோல வெதுவெதுப்பு. வயர்க்காரர் வழக்கம்போலப் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கி எண்ணினார். ஏழு என்று எண்ணும்போது ஒன்பதாவது போர்ட் கண்ணில் பட்டது. அதில் வயரே இல்லை; ஆனாலும் பச்சை விளக்கு துடித்து அடங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று விரலை எடுத்தார். அந்நேரம் மனைவி செல்போனில் கூப்பிட்டு, பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றுவிட்டாள், இப்போதுதான் உதடு மறுபடி அசைகிறது என்று பதறினாள். எதிரே விளக்கும் மறுபடி மினுங்கியது. வயர்க்காரர் பிள்ளையின் வாயைக் கொஞ்சம் பொத்தச் சொன்னார், விளக்கு அணைந்தது. கையை எடுக்கச் சொன்னார், எரிந்தது. இரண்டுமுறை நடந்ததைத் தொழில்காரன் நம்பமாட்டான் என்பதால் மூன்றாம் முறையும் சோதித்தார். பிறகு முதலாளியின் மேசைப் போனைக் கழற்றி ஒன்பதாவதில் மாட்டி ஸ்பீக்கரைத் தட்டினார். பச்சைக்குழந்தையின் வீறிடல் ஒன்று பலகை அடுக்குகளுக்கிடையே பரவியது. ஆறு வருடம் தாமதமாக வந்த முதல் அழுகை. ரம்பம் ஓட்டியவன் ரம்பத்தை நிறுத்தினான்.

வயர்க்காரரின் பிள்ளை ஊமையல்ல, பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சு போய்ச்சேர்ந்த இடம்தான் வேறு என்று கடையிலிருந்த எல்லோருக்கும் விளங்கியது. முதலாளி பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நேத்துவரைக்கும் இதைப் பழைய இரும்புன்னு கிலோவுக்குப் போட்டிருப்பேன். இப்போ விலை சொன்னா நான் மனுஷனில்லை. சும்மா கொடுத்தா வியாபாரியில்லை. நீயே சொல்லு தம்பி."

வயர்க்காரர் சட்டைப்பையில் இருந்ததை எண்ணாமல் மேசைமேல் வைத்தார். முதலாளி எண்ணினார், ஆயிரத்து இருநூற்று முப்பது. பஸ்ஸுக்கு வேண்டுமென்று முப்பதைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றவில்லை; ஒரு நொடி மின்சாரம் அறுந்தாலும் என்னாகுமோ என்று பயந்து, மேசைப் போனோடும் பேட்டரியோடும் சேர்த்துக் கடையின் மரலாரியில் வைத்து, ஆறு சுமைகாரர்கள் கைக்குழந்தையைப்போலப் பிடித்துவர, லாரி நடைவேகத்தில் வீடு சேர்ந்தது.

முதலில் வந்தது முதலில் போகும் என்பது பெட்டிகளின் சட்டம். ஆகவே அழுகை, மழலை, ஒற்றைச் சொற்கள் என்று வரிசையாகத்தான் வந்தன. இடைவெளிகளை விட்டுப் பேச்சு மட்டுமே வந்தும், பதினான்கு மாதம் அந்த வீடு பழைய பேச்சைக் கேட்டது. இரண்டு வயதில் பூனை எங்கே போனது என்று கேட்டிருந்தாள். பூனை செத்து நான்கு வருடமாகியிருந்தாலும் அம்மா முறையாகப் பதில் சொன்னாள். சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து தன் சின்ன வயசுக் குரலைக் கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். மூன்றாம் வயதில் ஓரிடத்தில் மட்டும் போன் வெறுமனே இரைந்தது, அந்த வயதின் நாற்பத்தொரு நாள் பேச்சு அழிந்திருந்தது. அன்று பட்டனை அமுக்கிய ஏழு விநாடிக்கு அவ்வளவு. அதற்குப்பின் வயர்க்காரர் புதுப் பெட்டி எதையும் உடனே தொடுவதில்லை. எதிரே நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார், அந்த நேரத்துக்கும் கூலி கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் வரிசை தீர்ந்தது. உதடும் குரலும் ஒன்றாக வந்தன. "அம்மா, தண்ணி," என்றது மேசைப் போன். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து துணி மடித்தாள். இன்றுவரை சிறுமி அந்தப் போன் வழியாகத்தான் பேசுகிறாள். விருந்தாளிகள் முதலில் போனைப் பார்ப்பார்கள், காபி ஆறுவதற்குள் அவள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுவார்கள்.

அந்தப் பதினான்கு மாதத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்த கேள்வி ஒன்று உண்டு: "அம்மா, நான் பேசறது கேக்குதா?" ஒவ்வொரு முறையும் அம்மா, "கேக்குதுடா கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி கணக்கு நோட்டில் ஒரு கோடு போட்டாள். கேட்டது, அறுநூற்றுப் பன்னிரண்டு. பதில், அறுநூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே வயர்க்காரர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: அழிந்தது நாற்பத்தொரு நாள், பற்று, என் பெயரில்.