பிறந்த வீட்டுக் கோடி

"கோடி ஆர் போடப்போறது?" பத்மநாதன் அண்ணை கேட்டார்.

ஹெலன் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். புருஷன் யோகலிங்கம் தலைமாட்டில் நின்றான். மனைவி செத்தால் அவள் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். ஹெலனின் தாய் டோரிஸ் எப்போதோ செத்துவிட்டாள். கூடப்பிறந்தவர் எவருமில்லை.

"வெள்ளைக்காரியைக் கட்டினால் கோடிக்கும் ஆள் தேடவேணும். சரி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முந்தி ஆரையாவது பிடி. படையலிலை வைக்கலாம்."

பிடிக்க ஒருவர் இருந்தார், ஹெலனின் தாய்மாமன் டெரிக். டோரிஸின் தாய் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் பிள்ளைகள் டோரிஸ், டெரிக் இருவரையும் ஒரு சிறுவர் இல்லம் பொறுப்பெடுத்தது. குணமாகி வந்து கேட்டபோது மகளைக் கொடுத்தார்கள். மகனை நல்ல குடும்பமொன்று தத்தெடுத்துவிட்டது என்றார்கள். பொய். ஏழு வயதுப் பொடியனைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கவே ஹெலனுக்கு வருஷக்கணக்கானது.

டெரிக்கின் விலாசம் கேட்டு யோகலிங்கம் அந்த இல்லத்தின் அலுவலகத்துக்குப் போனான். அதிகாரி தேநீரைக் கலக்கியபடி சொன்னாள்:

"விலாசம் இரத்த உறவுக்கு மட்டும்."

"என் மனைவி இரத்த உறவுதானே. அவள் கேட்டபோது தேடுகிறோம் என்றீர்கள்."

"தேடிக்கொண்டுதான் இருந்தோம்."

"அவள் சாகும்வரைக்குமா?"

"உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது."

"புரிந்தால் அந்தக் கதிரையில் உங்களால் இருக்க முடியாது."

கதவை அவன் அடித்துச் சாத்திய சத்தம் தெருவரை கேட்டது.

அந்தியேட்டிக்கு ஒரு கிழமை முந்தி போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஹெலன் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரப் பத்திரிகையொன்றில் டெரிக்கைத் தேடி விளம்பரம் கொடுத்திருந்தாள். மீன் சுற்றி வந்த பழைய தாளில் அதைக் கண்டதாக ஒரு கிழட்டுக் குரல் சொன்னது. டெரிக்.

"என் அம்மா நான் கப்பலேற முந்தியே செத்துவிட்டதாகச் சொன்னார்கள். அது சரிதானே?"

ஓமென்று சொல்லியிருக்கலாம். யோகலிங்கம் பல்லைக் கடித்தான். பொய் சொல்ல ஏற்கெனவே ஒரு இல்லமே இருந்தது.

"இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு வரை இருந்தா. உங்களைத் தேடினா."

மறுமுனையில் ஏதோ உடைந்து நொறுங்கும் சத்தம்.

"ஹெலனிடம் கொடு. அவளோடு பேசவேணும்."

"அவள் போன மாதம் போய்விட்டாள்."

டெரிக் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரை என்று யோகலிங்கம் கேட்கவில்லை. அதே வார்த்தையை அவனும் சொன்னான். பிறகு கோடியைப் பற்றிச் சொன்னான்.

"நான் கொண்டுவருகிறேன். என்ன நிறம் பிடிக்கும் அவளுக்கு?"

"பச்சை," என்றான் யோகலிங்கம். "நீங்களே அவளைக் கேட்டிருக்கலாம். ஒரு மாதம் முந்தி அந்த இல்லத்துக்காரர் உங்கள் விலாசத்தைத் தந்திருந்தால்."