முப்பத்தொன்றாம் நம்பர்

விமானத்துக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்று ஒரு பொது வயர் ஓடும். அதைச் சோதிக்கிற புரோகிராமை எழுதியவன் அவன். அதை வைத்து வேலை பார்த்தவர் அவனுடைய சகலை, விமானக் கொட்டகையில் எலக்ட்ரீஷியன்.

"சகலை, முப்பத்தொன்றாம் நம்பர் கருவி வாயே திறக்க மாட்டேங்குது. உங்க புரோகிராம்ல ஏதாவது இருக்குமோ?" என்று அவர் போனில் கேட்டார்.

"வயரைப் பாருங்க. புரோகிராம் சுத்தமா இருக்கு."

மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில், "சகலைக்கு வயர் மாட்ட வரல, என் புரோகிராம் மேல பழி போடுறார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். அவர் மனைவி மட்டும் பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து போனாள்.

புதன்கிழமை வேறு எதற்கோ பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டினான். கருவிகள் பேசிக்கொள்ளும் முறையில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் முப்பத்தொன்று சாதாரணக் கருவியின் எண். புதிய வகையிலோ அது 'எல்லாரும் கேளுங்கள்' என்கிற பொது அறிவிப்பு, அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சகலையின் விமானம் பழசு. கருவி பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இவன் புரோகிராம்தான் காது கொடுக்கவில்லை. பழைய வகைக்கான பகுதியை, 'இனி யாருக்கு வேணும்' என்று இரண்டு வருஷத்துக்கு முன் நீக்கியவனும் இவனே.

அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனான். விமானத்தின் தரைப்பலகைகளைப் பெயர்த்து, வயர்களை உருவித் தரையில் கிடத்தியிருந்தார்கள். சகலையின் விரல்களில் பிளாஸ்திரி.

"புது வெர்ஷன் கொண்டாந்திருக்கேன்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இவர் கைக்கு இனி வயர் வேலை கிடையாதுன்னு சொல்லிட்டேன். நாலு நாள் வீண்" என்றார் பக்கத்தில் நின்ற ஃபோர்மன்.

"வயர்ல ஒண்ணும் இல்ல சார். தப்பு என்னுது."

நடந்ததைச் சொன்னான். புரோகிராமை ஏற்றியதும் முப்பத்தொன்று உடனே பதில் சொன்னது. ஃபோர்மன் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தான்.

அவர் போன பிறகு சகலை கேட்டார்: "முதல் தடவை நான் கேட்டப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

சகலை தலையை ஆட்டினார். குனிந்து, கிடந்த வயர்களைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.