எதிர்க்கடை

அன்று காலை தூறல் இருந்ததா, வெறும் பனிதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூறல்தான், குடைத்துணி நனைந்து கனத்துக் கிடந்தது என்கிறார் எதிர்க்கடை அக்கா. என் கைகள் ஈரமாக இருந்தன என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அது வியர்வையாகவும் இருக்கலாம். நடந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறோம். எனக்குப் பட்டபடி எழுதுகிறேன். தவறிருந்தால் மற்றவர்கள் திருத்தட்டும்.

ஆலையில் இரவு ஷிப்ட் விடுவதற்கு முன்பே வாசலில் குடை நட்டாக வேண்டும். நான்கு பேர் நிற்கக்கூடிய சிவப்புக் குடை. அதன் இரும்புக் கம்பியைத் தோளிலும், மணல் நிரப்பிய அடிப்பாகத்தை இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு எங்கள் செல்போன் கடையிலிருந்து ஆலை வரை நானும் ஃபுல் சிக்னலும் நடப்போம். என்னோடு வேலை பார்த்தவருக்கு அந்தப் பெயர் குரலால் வந்தது. எந்த மூலையில் நின்றாலும் கேட்கும். குடையை நட்டு, மடக்குமேசையை விரித்து, கைரேகை மெஷினைத் துடைத்து வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். வெளியே வருகிற கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. பலருடைய கட்டைவிரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, வாயால் ஊதி, திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வோம். ஒவ்வொரு சிம்முக்கும் ஒருவருடைய தூக்கத்திலிருந்து கொஞ்சம் திருடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். சொல்லமாட்டேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

எதிரே நீலக் குடை. எங்கள் தெருவிலேயே, எங்களுக்கு நேர் எதிரில் இருந்த நீலக் கம்பெனிக் கடையின் குடை. அதன் கீழே அக்கா. எல்லோரையும்விட மூத்தவர் என்பதால் இரண்டு கடைக்கும் அவர் அக்காதான்.

“என்ன சிவப்பு, இன்னிக்காவது போணியாகுமா, இல்ல குடைய வாடகைக்கு விடப்போறீங்களா?” என்பார்.

“முதல்ல உங்க டவர் எந்திரிச்சிடுச்சான்னு பாருங்கக்கா” என்று ஃபுல் சிக்னல் சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்துவார்.

வருடங்கள் இப்படியே போயின. பிறகு ஒருநாள் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. அந்தச் செய்தியை நாங்களும் ஊரோடு ஊராக டிவியில்தான் பார்த்தோம். நீலத்தின் கோபுரங்களைப் படிப்படியாக அணைத்து, அதன் அலைவரிசையைச் சிவப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். நீல எண் வைத்திருக்கிற எல்லோரும் சிவப்பு சிம்முக்கு மாற வேண்டும். அப்புறம் ஒரே தெருவில் இரண்டு கடை எதற்கு? ஏரியா மேனேஜர் இரண்டு கடை ஆட்களையும் வரிசையாக நிற்கவைத்தார். எந்தப் பேச்சும் டார்கெட்டில் தொடங்கி டார்கெட்டில் முடிவதால் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் டார்கெட்.

“மாசக் கடைசி வரைக்கும் டைம். எந்தக் கடை அதிகம் பேரை மாத்துதோ அது இருக்கும். இன்னொண்ணுக்கு ஷட்டர். இதுல நான் பண்றது ஒண்ணுமில்ல. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

அவர் போன பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அக்காவின் வீட்டுக்காரர் டவர் ஏறுகிறவர். நீலக் கோபுரங்களைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரரிடம் வேலை. இப்போது அவற்றைக் கழற்றவும் அவரையே அனுப்பினார்கள். ஒவ்வொரு கோபுரம் அணையும்போதும் அவருடைய வேலையில் ஒரு துண்டு போயிற்று. அந்த வீட்டுக்கு மிச்சமிருந்த பிடிப்பு அக்காவின் கடை மட்டும்தான்.

அதற்குப் பிறகு குடைகளுக்கு நடுவே கேலி நின்றுபோயிற்று. கூவல் மட்டும் இருந்தது.

நான் சொல்லத் தொடங்கிய அந்தக் காலை அப்போதுதான் வந்தது. சங்கு ஊதியதும், தலையெல்லாம் பஞ்சுத்தூசி படிந்த ஒரு பெண் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் நீல எண் போன். நான் ஒரு பக்கம் ஓடினேன். அக்கா மறுபக்கம் ஓடிவந்தார். “இங்க வாங்கம்மா.” “எங்ககிட்ட உடனே முடிஞ்சிடும்மா.” எங்கள் இருவர் கையும் அவருடைய போனில் இருந்தது. முதலில் விட்டது யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒத்துப்போகவில்லை. போன் கல்லில் விழுந்து மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கமாகத் தெறித்தது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் யாருக்காகப்பா இப்படி அடிச்சுக்கிறீங்க?”

கேட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. நானும் அக்காவும் அவரவர் குடைக்குத் திரும்பினோம். பிறகு அவர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து எங்கள் குடைக்குள் வந்தார்.

“தம்பி, நீ ஜெயிச்சா நான் வீட்டுக்குப் போறேன். நான் ஜெயிச்சா நீ போற. யாருமே ஜெயிக்கலைன்னா?”

“புரியலக்கா.”

“ரெண்டு கடையும் சரிக்குச் சரி நின்னா அந்த டார்கெட் எந்த ஷட்டரை இழுப்பாரு?”

ஃபுல் சிக்னல் தலையைச் சொறிந்தார். “ஜெயிக்காம இருக்கணுமா? எனக்கு அது பழக்கமே இல்லியேக்கா.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல” என்றார் அக்கா. பல நாட்களுக்குப் பிறகு சிரித்தோம்.

இரண்டு கடையின் மற்ற ஆட்களும் முதலில் சந்தேகத்தோடும் பிறகு ஒருவகை உற்சாகத்தோடும் சேர்ந்தார்கள். எங்கள் கணக்கு ஏறினால், வருகிறவர்களை “எதிர்க்கடையில கூட்டமில்லீங்க, அங்க சீக்கிரம் முடியும்” என்று அனுப்பினோம். அவர்களுடையது ஏறினால் அங்கிருந்து இங்கே. நேற்றுவரை கையைப் பிடித்து இழுத்தவர்கள் இன்று வழிகாட்டி அனுப்புவதைப் பார்த்துத் தெருவே குழம்பியது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் இடுப்புப்பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து எங்கள் படியில் உட்கார்ந்தார். “ஒரேயடியா அணைக்கலப்பா. வாராவாரம் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்றாங்க. ஜனங்க தன்னோட போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கணுமாம்.”

எங்களுக்கும் அப்படித்தான் உத்தரவு: போன் பழையது, புதிது வாங்குங்கள் என்று சொல்ல வேண்டும். அன்றோடு அதைச் சொல்வதை விட்டோம். “உங்க போன்ல குத்தமில்ல. டவரை அணைக்கிறாங்க. இதே போன்ல சிம்மை மட்டும் மாத்திப் பாருங்க” என்றோம். புதுப் போன் விற்பனை படுத்தது. கூடவே எங்கள் கமிஷனும் படுத்தது. வீட்டில் கேட்டார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் இரண்டு கடையும் சமமாக நின்றன. அக்கா எதிர் வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டுபோல நேராகப் பிடித்துக் காட்டினார். அவர்கள் அன்றைய கணக்கை மூடி, மெஷினை அணைத்து ஷட்டரை இறக்கினார்கள்; மூடிய கணக்கு மறுநாள்தான் திறக்கும். நான் எங்கள் பின்னறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்திருக்கிறார். அன்று மதியம்தான் அவர் பகுதி நீலக் கோபுரம் அணைந்திருந்தது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நான் வெளியே வருவதற்குள் ஃபுல் சிக்னல் சிம்மை மாற்றி, விரலை வாங்கி, “போங்க போங்க, இப்ப அடிக்கும்” என்று அனுப்பிவிட்டார். திரையில் எங்கள் எண்ணிக்கை ஒன்று ஏறியிருந்தது.

அது இரக்கமா, கைப்பழக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. படியில் உட்கார்ந்து, நான் அறிந்து முதல்முறையாக, மெதுவாகப் பேசினார். “என்ன பண்ணித் தொலைச்சேன் பாத்தியா?”

அக்கா சாலையைக் கடந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“அந்தப் பொண்ணுக்கு எப்படியிருக்காம்?” என்று கேட்டார்.

“தெரியலக்கா. போன் அடிச்சுது. பேசிக்கிட்டே ஓடிட்டாரு.”

“அப்ப சரி.”

அந்த ‘சரி’ அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் டார்கெட் வந்தார். எல்லோரையும் எங்கள் கடைக்குள் கூட்டினார்.

“ஒண்ணே ஒண்ணுன்னாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். சிவப்பு இருக்கும். நீலத்துல இருக்கிறவங்க கார்டைக் கழட்டி மேசைல வெச்சிடுங்க. மத்தவங்க கை தட்டுங்க.”

அக்கா அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். யாரும் கை தட்டவில்லை. மௌனம் எனக்குப் பழக்கம். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் தெரியும். அன்று அதில் இடம் போதவில்லை.

“அந்த ஒண்ணு எங்களுக்கு வேண்டாம் சார்” என்றேன்.

“என்னது?”

“அதை வெச்சுத்தான் அவங்களை அனுப்புவீங்கன்னா, வேண்டாம்.”

“நீ வேண்டாம்னு சொன்னா கம்ப்யூட்டர்ல அழிஞ்சிடுமா?”

“அழியாது சார். அதனாலதான் வாயால சொல்றேன்.”

ஃபுல் சிக்னல் தன் அட்டையைக் கழற்றி அக்காவின் அட்டைமேல் போட்டார். “எல்லாருமே கழட்டிடறோம். எது சிவப்பு, எது நீலம்னு நீங்களே பொறுக்கிக்குங்க.” ஒவ்வொன்றாக அட்டைகள் விழுந்தன.

டார்கெட்டின் முகம் சிவந்தது. “வெளிய இந்த வேலைக்கு எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? ரெண்டு கடையும் சேர்ந்து ஆட்டம் காட்டுனது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

“முதல்ல சேர்ந்தது நீங்கதானே சார்?” என்றார் அக்கா. “நீங்க சேர்ந்தா வியாபாரம், நாங்க சேர்ந்தா ஆட்டமா?”

“இது மேல எடுத்த முடிவும்மா. நான் தடுத்தா என் வேலையும் போயிடும்.”

“அப்ப உங்க கார்டையும் இங்கயே போடுங்க” என்றார் ஃபுல் சிக்னல், தன் பழைய குரலில். யாரோ சிரித்துவிட்டார்கள். டார்கெட் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு கடையின் ஷட்டரையும் நாங்களே இறக்கிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தோம். ஒருவரையும் அனுப்பக் கூடாது, எல்லோருக்கும் வேலை என்று எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் கேட்டோம். வெயில் ஏறியது. மதியத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்காரரும் அவரோடு டவர் ஏறுகிறவர்களும் பட்டைகளும் கொக்கிகளுமாக வந்து எங்கள் பக்கத்தில் அமர்ந்தார்கள்.

“மிச்சமிருக்கிற கோபுரத்துல இன்னிக்கு யாரும் ஏறல” என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா தன் தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

அதன்பின் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி எழுதித் தரவில்லை; எங்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நீக்கியது. நீலக் கடை மூடப்பட்டது. அங்கே இப்போது செருப்புக்கடை. எங்கள் கடை வேறு ஆட்களோடு திறந்திருக்கிறது. டார்கெட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கோபுரங்களை வெளியூர் ஆட்கள் வந்து கழற்றினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் உயரமான கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறார். ஃபுல் சிக்னல் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்களில் இருவர் கம்பெனி சொன்ன தாளில் கையெழுத்துப் போட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, நாங்கள் குறை சொல்வதில்லை. அன்று ஓடிவந்தவரின் மகள் என்னவானாள் என்று தெரியாது. நான் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிறேன். எங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் தொடங்கிப் பதிவு செய்துவிட்டோம், அக்கா செயலாளர். பக்கத்து ஊர்க் கடைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். எங்களை நீக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லோரும் சேர்ந்தே போகிறோம்.